கீபோர்டு பூட்டியிருக்கிறது

விஜயதசமி காலையில் அச்சகத்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி வந்தது. கீபோர்டு பூட்டியிருக்கிறது, திறக்கவும். அதற்குமேல் நகர மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது.

தொண்ணூற்று நாலாம் வருடம். அச்சகம் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. முதலாளி சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி. அந்தப் பெட்டியில் எழுத்தடிக்கத் தெரிந்த ஒரே ஆள் ரீபாவாகிய நான். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாளே லீவில் போய்விட்டேன். பூஜையை அண்ணாச்சி தன் கையாலேயே செய்து முடித்திருந்தார். கம்ப்யூட்டர் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்து, புதுமாப்பிள்ளை மாதிரி ஆக்கியிருந்தார்.

ஏரலிலிருந்து காதுகுத்து அழைப்பிதழ் அடிக்க வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஜயதசமியன்று முதல் வேலை எதில் நடக்கிறதோ, வருடம் முழுக்கத் தொழில் அதில்தான் ஓடும் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. அதை யாரும் அசைக்க முடியாது.

"மத்தியானத்துக்குள்ள ஓடலேன்னா ஈய எழுத்துலயே கோத்துருவோம். பொறவு இந்தப் பெட்டிய வித்துர வேண்டியதுதான்" என்றார்.

பெட்டி போனால் என் வேலையும் போகும். அது அவருக்கும் தெரியும்.

பெட்டியை விற்ற மதுரைக் கடைக்குப் போன் போட்டார். அங்கிருந்த சர்வீஸ்காரன் பேசியது ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது. "அந்தப் பொண்ணு எதையாவது தப்பா அமுக்கியிருக்கும் சார். பெட்டியத் திறக்காதீங்க. இங்க அனுப்புங்க, ரெண்டு வாரம் ஆகும்."

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பேன். கீபோர்டைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினேன். பூஜைப் பொரி நாலைந்து உதிர்ந்தது. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று மாட்டிப் போட்டேன். அதே வரி.

எதிர்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ஜுபைதா பீவியிடம் ஓடிப்போய் வேறொரு கீபோர்டு வாங்கிவந்தேன். மாட்டினேன். அதே வரி.

"மந்திரிச்சாத்தான் சரியாகும் போல" என்றார் ஏரல்காரர்.

இரண்டு கீபோர்டும் ஒரே நேரத்தில் கெட்டிருக்காது. அப்படியென்றால் பூட்டு வேறெங்கோ இருக்க வேண்டும். பூட்டு என்றால் சாவி போட ஓட்டையும் இருக்க வேண்டும். பெட்டியின் முகப்பில் ஒவ்வொரு சந்தனப் பொட்டாகச் சுரண்டிப் பார்த்தேன். ஓரத்துப் பொட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு சாவித்துவாரம் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் திருகாமல் அதில் தொங்கிய சாவி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அண்ணாச்சி, இதுல ஒரு குட்டிச் சாவி எப்பவும் தொங்கும்லா, அது எங்க?"

"தாம்பாளத்துல கெடக்கும். பீரோ, மேசை எல்லாச் சாவியவும் எடுத்து சாமிக்கு முன்னால வச்சிட்டு, பூட்டுக்கெல்லாம் சந்தனம் வைக்கது வழக்கம்லா. இது உருவ வரல. திருகுனேன், வந்துட்டு."

திருகினால் பூட்டிக்கொள்ளும். சாவியை வாங்கிச் செருகினேன், நுழையவில்லை. ஊக்கால் குத்திப் பார்த்தேன். உள்ளே சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது.

அச்சு மெஷின் பக்கம் கிடந்த திருப்புளியை எடுத்தேன்.

"ஏ பிள்ள, தெறக்காதீங்கன்னு சொன்னாம்லா மதுரக்காரன்."

"தெறக்காட்டா மத்தியானம் வந்துரும் அண்ணாச்சி."

அவர் தடுக்கவில்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே எதைத் தொட்டால் எது போகும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் "அந்தப் பொண்ணு" என்று அவன் சொன்னது அதைவிடப் பெரிதாகக் காதில் இரைந்துகொண்டிருந்தது. பூட்டின் முதுகிலிருந்து கிளம்பிய வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். அது உள்ளேயிருந்த பெரிய சர்க்யூட் அட்டையின் ஓரத்தில் போய்ச் செருகியிருந்தது. பூட்டு சொல்வதை இந்த வயர்தானே உள்ளே போய்ச் சொல்கிறது? பைய உருவி எடுத்தேன்.

மறுபடி போட்டேன். அந்த வரி வரவில்லை. உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது, பெட்டி வழக்கம்போல் விழித்துக்கொண்டது.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், சந்தனம் வைத்த தன் விரலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. அந்நேரம் மதுரையிலிருந்து அதே சர்வீஸ்காரன் போன் போட்டான், அண்ணாச்சி எடுத்தார்.

"என்ன சார், அந்தப் பொண்ணு எதை அமுக்குச்சுன்னு ஒத்துக்கிச்சா?"

ஏரல்காரர் முன்னால், அச்சுக் கோப்பவர்கள் முன்னால், அண்ணாச்சி என்ன சொல்லப்போகிறார் என்று நான் அவர் வாயையே பார்த்தபடி நின்றேன்.

"அவ ஒண்ணும் அமுக்கலவே. பூட்டுனது நான். சந்தனத்த வச்சு அடச்சதும் நான். தெறந்தது எங்க ரீபா" என்று சொல்லி ரிசீவரை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னத்தப் பாத்துட்டு நிக்க? மொத வேல. அடி."

எனக்குக் கண் நிறைந்து திரை மங்கிவிட்டது. துடைக்க நேரமில்லை. விரல்களுக்கு எழுத்து இருக்கும் இடம் தெரியும். அடிக்க ஆரம்பித்தேன்.