மேல் தட்டில் இருந்த பெட்டிகள்

டெல்மர் ப்ரெக்கே மண்டி போட்டபடியே செத்துப்போனான். ஷூ விற்கிறவன் வேறெப்படிப் போவான்? திங்கட்கிழமை காலை, பண்ணைக்காரர் க்ளாரன்ஸின் காலைப் பிடித்து நாடா கட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே அவர் முழங்கால் மேல் சாய்ந்துவிட்டான்.

"விரல அழுத்திப் பாக்கறான்னுதான் நெனச்சேன், ஆர்டிஸ். ரெண்டு நிமிஷம் அசையாம உக்காந்திருந்தேன்" என்று க்ளாரன்ஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொன்னார். டெல்மரின் மனைவி ஆர்டிஸுக்கு அழுகை வருவதற்கு முன்னால் ஓர் எண்ணம் வந்தது. நல்லவேளை, அது அவளுடைய கால் இல்லை.

அவள் என்றால் லவோன். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள், நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாதவள். கணுக்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடையோடு மெதுவாக, அளந்து அளந்து நடப்பாள். ஊரே அதை மரியாதையான நடை என்றது. ஆர்டிஸ் மட்டும் திமிர் என்றாள்.

ஹார்லிங் என்பது சோளக்காட்டுக்கு நடுவே ஒரு கடைத்தெரு, இரண்டு சர்ச், ஒரு தானியக் கிடங்கு, ஆயிரத்து இருநூறு பேர். அத்தனை பேர் காலும் டெல்மரின் கையில் பட்டவைதான். தெருவில் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்த்து நலம் விசாரிக்க மாட்டான். கீழே பார்த்து, "அந்தக் கட்டைவிரல் இப்ப தேவலையா?" என்பான்.

ஆர்டிஸும் அந்தக் கைக்குள்தான் விழுந்தாள். பத்தொன்பது வயதில் ஈஸ்டருக்கு ஷூ வாங்கப் போயிருந்தாள். அளவுப் பலகையில் அவள் பாதங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கீழேயிருந்து அண்ணாந்து சிரித்தான். "இடது கால் ஒரு நூல் பெருசா இருக்கு. பயப்படாத, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." இதற்குப் போய் ஒருத்தி மயங்குவாளா என்றால், மயங்கினாள். நாலே மாதத்தில் கல்யாணம். விருந்தில் டெல்மர் எழுந்து நின்று, "என் பொண்டாட்டிக்கு இடது கால் ஒரு நூல் பெருசு, அதனாலதான் மலிவா கெடச்சா" என்றான். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஊரிலுள்ள பெண்கள் காலையெல்லாம் இவன் தினமும் இப்படித்தான் ஏந்தப் போகிறான். சரி, பிழைப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். லவோன் விஷயத்தில் மட்டும் பல் கடிபடவில்லை.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் ஹார்லிங்கில் எல்லாக் கடையும் மூடிவிடும். அப்படி ஒரு புதன்கிழமை, பேக்கரிப் பக்கத்துச் சந்தில் போனபோது ஆர்டிஸ் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஷூக்கடையில் பச்சைத் திரை இறக்கியிருந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு லவோன் உள்ளே போனாள்.

"டீச்சர் எதுக்கு வந்தா?" என்று அன்றிரவு டெல்மரிடம் கேட்டாள்.

"ஷூ போட்டுப் பாக்க."

"மூடின கடையிலயா?"

"ஆமா."

அவ்வளவுதான் பதில். பொய் சொல்லியிருந்தாலாவது பிடித்து உலுக்கியிருக்கலாம். வருஷா வருஷம் வசந்தம் பிறந்ததும் ஒரு புதன்கிழமை அந்தத் திரை இறங்கும். வருஷா வருஷம் அவள் கேட்பாள், அவன் அதே "ஆமா"வைச் சொல்வான். தட்டுகள் உடைந்தன. மாதக்கணக்கில் முதுகு காட்டிப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வாசலில் எதிர்ப்பட்டால் லவோன் தலையைக் குனிந்துகொள்வாள். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன? இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

இப்போது ஆள் போய்விட்டான். சவப்பெட்டிக்காரர் வந்து, "பெட்டியோட கால் பக்கத்த மூடியேதான் வெப்போம், ஷூ தேவையில்லை" என்றார்.

"ஊருக்கே ஷூ போட்டவன் வெறுங்காலோட போகணுமா? எடுத்துட்டு வரேன், இருங்க" என்று ஆர்டிஸ் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

பின்னறையில் ஏணி போட்டு ஏறினாள். மேல் தட்டில் டெல்மரின் அளவைத் தேடினால், டெல்மரின் கையெழுத்து கிடைத்தது. "லவோன் 1946." அதன் பக்கத்தில் "லவோன் 1947." இந்த வருஷம் வரைக்கும் வரிசையாக இருபத்திரண்டு பெட்டிகள். ஒன்றைத் திறந்தாள். மெல்லிய தாளுக்குள் பழுப்புத் தோல், மண் படாத புத்தம் புது அடிப்பாகம். மேற்கொண்டு பார்க்கச் சகிக்காமல் மூடிவிட்டாள். ஆசை ஆசையாக வாங்கி, கொடுக்கத் தைரியமில்லாமல் அடுக்கி வைத்திருக்கிறான். கட்டினவளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு ஜோடி, அதுவும் விலை போகாத நிறத்தில். ஆர்டிஸுக்கு வயிறு எரிந்தது.

வியாழக்கிழமை அடக்கம். "ஆர்கனுக்கு வேற யாரையாவது கூப்பிடக் கூடாதா, பாஸ்டர்?" என்று கேட்டுப் பார்த்தாள். "டீச்சர விட்டா யாரு இருக்கா, ஆர்டிஸ்?" என்றார் பாஸ்டர். தன் புருஷனை அந்தப் பெண் வாசித்து அனுப்பி வைப்பதை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. நன்றாக வேறு வாசித்துத் தொலைத்தாள்.

புதைத்துவிட்டு வந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. வெண்ணெய் தடவிய பன்னுக்குள் ஹாம், பாலில் வெந்த உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி, பெரிய பாத்திரத்தில் காபி. சமையல்கட்டு மொத்தமும் ஆர்டிஸின் சிநேகிதி வில்மாவின் ராஜ்யம். "ரெண்டு வாயாவது சாப்புடுடி" என்று தட்டை நீட்டினாள். ஆர்டிஸ் அதை வாங்கவில்லை. கோட்டுக்கடியில் வைத்திருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு, லவோன் உட்கார்ந்திருந்த மேஜைக்கு நேராகப் போனாள்.

"டீச்சர், உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்காரு. இன்னும் இருபத்தியொண்ணு கடையில இருக்கு. அவரோடயே போட்டுப் பொதச்சிருப்பேன். அப்புறம் நீங்க தேடுவீங்களேன்னு கொண்டாந்தேன்."

லவோனின் முகம் வெளுத்தது. "வேண்டாம் ஆர்டிஸ், இங்க திறக்காதீங்க" என்றாள்.

"ஏன்? திரைய இறக்கணுமா?"

ஹாம் தட்டுக்குப் பக்கத்தில் பெட்டியைக் கவிழ்த்தாள். பழுப்பு ஷூ இரண்டும் உருண்டு விழுந்தன. இடது கால் ஷூ வளர்ந்த பெண்ணுக்குரியது. வலது கால் ஷூ பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் நுழையும்.

வில்மா பிறந்ததிலிருந்து எதையும் வாய்க்குள் வைத்துப் பழகாதவள். "அட, ரெண்டும் வேற வேற அளவால்ல இருக்கு!" என்றாள். உடனே எல்லாக் கண்களும் மேஜைக்கடியில் போயின. லவோன் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"ஏழு வயசுல இளம்பிள்ளை வாதம் வந்துச்சு" என்றாள் லவோன், மேஜையைப் பார்த்துக்கொண்டே. "இடது கால் சரியா வளரல. ரெண்டு ஜோடி வாங்கினாத்தான் எனக்கு ஒரு ஜோடி ஆகும். மிச்சத்த ஊர்க் குப்பையில போட்டா யாராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு அவரே வெச்சுக்கிட்டாரு. போன ஊர்ல நொண்டி டீச்சர்னுதான் எனக்குப் பேரு. இங்கயும் வேண்டாம்னு அவர்கிட்ட கெஞ்சினேன். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னாரு."

அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் ஆர்டிஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா உங்களுக்குத் தெரியும்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் லவோன். "பொண்டாட்டிகிட்டயாவது சொல்லியிருப்பாருல்ல? அந்த வெக்கத்துலதான் உங்களப் பாத்தாலே தலையக் குனிஞ்சுக்குவேன்."

எழுந்தாள். மாடிப்படியில் அவள் ஏறுகிற சத்தம் ஓர் அடி கனமாக, ஓர் அடி லேசாகக் கேட்டது. இத்தனை நாள் யார் காதிலும் விழாத வித்தியாசம் இப்போது ஹார்லிங் முழுவதுக்கும் கேட்டது. டெல்மர் இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றியதை ஆர்டிஸ் ஒரே நிமிஷத்தில் ஹாம் தட்டுக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் பழைய எரிச்சல் அணையவே இல்லை, இன்னும் கூடியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டு உடைந்திருக்காது, படுக்கையில் முதுகு காட்டியிருக்க மாட்டாள். அத்தனையையும் அவன் வாங்கிக்கொண்டானே தவிர, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. யாருக்காக?

வில்மா வந்து தோளைப் பிடித்தாள். "பாத்தியா, தப்பா ஒண்ணுமே இல்லடி. தங்கமான மனுஷன். வாயத் திறந்தானா பாரேன்!"

ஆர்டிஸ் அந்தச் சின்ன ஷூவை எடுத்துத் தாளில் சுற்றினாள்.

"என் காலப் பத்தி கல்யாணத்தன்னிக்கே ஊர் பூரா சொன்னான், வில்மா."