சொல்லாமல் கொடுத்த மாத்திரை

டாக்டரம்மா அதை ஒரு முறை சொன்னாரா, இரண்டு முறையா என்று இப்போது எனக்கு உறுதியாக நினைவில்லை. ஒரு முறைதான் என்று நம்பிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் நான் தலையாட்டினேன்.

என் தங்கை அகிலாவுக்குத் தாடையிலும் கன்னத்திலும் சீழ் வைத்த பரு. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை; வருகிறவர்களுக்குப் புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். "இந்த மூஞ்சிய பார்த்தா புடவைய எவன் பார்ப்பான்?" என்று முதலாளி ஒருநாள் சொல்லிவிட்டார். உடம்புச் சூடு என்று அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட நான் மட்டும் போனேன். அவளுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை.

"சூடெல்லாம் இல்லைங்க. தோலுக்கடியில எண்ணெய் அதிகமா சுரந்து துவாரம் அடைச்சிக்குது, அதுல கிருமி சேருது. தழும்பு விழ ஆரம்பிச்சிடுச்சு," என்று மாத்திரை எழுதினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "இத சாப்பிடறப்போவும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும், கர்ப்பம் ஆகவே கூடாது. குழந்தைய பாதிக்கும். கல்யாணம்னா முன்னாடியே நிறுத்தணும். தங்கச்சிகிட்ட சொல்லி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க."

எங்கள் வீட்டில் அண்ணன் தங்கையிடம் அந்த வார்த்தையைப் பேசுவதில்லை. அம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அகிலாதான் வந்து மாத்திரைப் பையை வாங்கினாள். நான் நகரவில்லை.

"இன்னாண்ணா, குடுத்துட்டு நின்னுக்கினே இருக்க? உனக்கும் ரெண்டு வேணுமா?"

"தவறாம சாப்பிடு," என்றேன்.

தவறாமல் சாப்பிட்டாள். முகம் தெளிந்தது. கல்யாணம் முடிந்து மாகறலில் மாப்பிள்ளை மாணிக்கவேல் வீட்டுக்கு அவள் புறப்பட்டபோது, மீதி மாத்திரை அட்டைகளைத் துணிகளுக்கு நடுவில் வைத்ததைப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தது நான்தான்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நானும் கூடப் போனேன். குழந்தையின் இதயமும் காதுகளும் சரியாக உருவாகவில்லை என்றார்கள். ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, "பருவுக்கு மட்டும்தான்" என்றாள். ஸ்கேன் பார்த்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் விளக்கினார்.

வெளியே பெஞ்சில் அகிலா என்னைப் பார்த்தாள்.

"அந்த டாக்டரம்மா உன்கிட்ட எதுவும் சொல்லலையாண்ணா?"

எதிரே டோக்கன் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. மூன்று பேரைக் கூப்பிட்டார்கள்.

"இல்லமா," என்றேன்.

குழந்தை பதினொரு நாள் இருந்தது. பெண். மாணிக்கவேல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய்க் கத்தினான், நானும் போயிருந்தேன். "இவர்கிட்ட சொன்னேனே," என்று அவர் என்னைக் காட்டினார். "எங்க மச்சான் மேல பழி போடாதமா," என்றான் மாணிக்கவேல். சில மாதங்களில் டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அகிலா மாகறலில்தான் இருக்கிறாள். மாத்திரையை நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது. இனி பயமில்லை என்று டாக்டர்கள் சொல்லியும் குழந்தை வேண்டாம் என்கிறாள். பரு திரும்ப வந்துவிட்டது, அவள் மருந்து எதுவும் போடுவதில்லை. அம்மா இன்னும் சூடு என்றுதான் சொல்கிறாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.