புல்லட்டை முந்த மூன்று சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே ஜெயச்சந்திரனும் தங்கச்சாமியும் விமானத் தளத்துக்கு வந்துவிட்டார்கள். சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் கயத்தாறுப் பக்கம் போட்டுவிட்டுப் போன தளம் அது. பதினேழு வருஷமாக அதில் எதுவும் இறங்கவில்லை. சிமெண்டு வெடிப்புகளில் கோரை முளைத்திருந்தது. நடுவில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. தங்கச்சாமி ஆடுகளை விரட்டிவிட்டு, ஓரத்தில் கிடந்த இரண்டு தார் டிரம்களை உருட்டிக்கொண்டு போனான். முக்கால் மைல் இடைவெளியில் ஒன்றை இந்த முனையிலும் ஒன்றை அந்த முனையிலும் நிறுத்தினான். போய்த் திரும்பினால் ஒரு சுற்று.

வண்டி எம்.ஜி. என்ற சீமைக் கார். இரண்டே இருக்கை, கரும்பச்சை, முன் கண்ணாடியை மடக்கிப் படுக்கவைக்கலாம். ஏலத்தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றார். ஜெயச்சந்திரன் போய் வாங்கி, மலையிறங்கி, மல்லாங்கிணற்றுக்கு ஓட்டி வந்து பதினைந்து நாள் ஆகிறது.

வீட்டில் அண்ணன் சுந்தரபாண்டி வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். ஒரு பருத்தித் தாட்டு ஏற்ற முடியாது, குடும்பத்தோடு கோயிலுக்குப் போக முடியாது, மழை பெய்தால் குளிக்கலாம் என்றார். துரை ஏமாற்றிவிட்டான் என்பது அவர் தீர்ப்பு. திங்கட்கிழமை மதுரை புரோக்கரை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

ஜெயச்சந்திரனின் மனைவி வள்ளித்தாய் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் ஜெயச்சந்திரன் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னதில்லை. சோற்றில் உப்பில்லை என்றுகூடச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னான்.

"புரோக்கர் வேண்டாம்ண்ணே. வண்டி இருக்கட்டும்."

அண்ணன் தன் பாணியில் ஒரு நிபந்தனை போட்டார். விமானத் தளத்தில் மூன்று சுற்று. அவருடைய புல்லட்டை முந்திவிட்டால் வண்டி வீட்டில் நிற்கும். முந்தாவிட்டால் மதுரைக்குப் போகும்.

ஜெயச்சந்திரனுக்கு அதில் பயம் எதுவும் இல்லை. மலையிறங்கி வந்த அன்று தேனி ரோட்டில் வண்டி எழுபது மைலைத் தொட்டிருக்கிறது. புல்லட் அறுபத்தைந்தில் நடுங்கும். எதற்கும் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று வெள்ளிக்கிழமை சிவகாசியில் தங்கச்சாமியிடம் விட்டான். தங்கச்சாமி ஒரு பட்டாசுக் கம்பெனியின் லாரி ஷெட்டில் மெக்கானிக். தீபாவளி சீசன், ஷெட்டில் பன்னிரண்டு லாரி வரிசையில் நின்றது. அதற்கு நடுவிலும் அவன் ஆயில் மாற்றி, வால்வு சரிபார்த்து, பிளக்குகளைத் துடைத்து, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட்டான். அதோடு, ஓட்டத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தானும் ஏறிக்கொண்டான். வழி நெடுக மாட்டுவண்டிகள். முப்பதைத் தாண்ட இடம் கிடைக்கவில்லை.

இப்போது இடம் இருந்தது. ஜெயச்சந்திரன் கண்ணாடியை மடக்கினான். முதல் கியர், இரண்டு, மூன்று. முள் நாற்பதைத் தாண்டியது. நாற்பத்தெட்டில் நின்றுவிட்டது. காலை அழுத்த அழுத்த வண்டி இருமியது.

அந்த முனை டிரம்மைச் சுற்றித் திரும்பி வந்தான். தங்கச்சாமி பிளக்குகளைக் கழற்றினான், மாட்டினான். பாயிண்ட்டைப் பார்த்தான். கார்புரேட்டர் இரண்டையும் ஊதித் துடைத்தான். பெட்ரோல் குழாயைக் கழற்றி உறிஞ்சித் துப்பினான். மறுபடி ஓட்டினார்கள். நாற்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை வரை நன்றாக ஓடிய வண்டி என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்குப் புல்லட் சத்தம் கேட்டது. சுந்தரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டை இறுக்கியிருந்தார். பின்னால் மதினி முத்துப்பேச்சி, மடியில் இட்லித் தூக்குவாளியோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னலே, வண்டி கருவாட்டுச் சட்டி மாதிரி புகையுது?" என்றார் அண்ணன். "இப்பவே புரோக்கர் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருவமா?"

ஜெயச்சந்திரன் ஏறி உட்கார்ந்தான். மதினி முந்தானையை வீசினாள். இரண்டு வண்டியும் கிளம்பின.

முதல் டிரம்மிலேயே முடிந்துவிட்டது. புல்லட் அதைச் சுற்றித் திரும்பி எதிரே வந்தபோது எம்.ஜி. பாதித் தளத்தில் இருமிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு கையை விட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு சுற்று முடிந்ததும் ஜெயச்சந்திரன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். அண்ணன் நிறுத்தவில்லை. ஆள் இல்லாத தளத்தில் மிச்ச இரண்டு சுற்றையும் ஒற்றை ஆளாக ஓட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்து, முறைப்படி ஜெயித்தார்.

ஜெயச்சந்திரன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. என்ஜினை அணைக்கவும் இல்லை. நாளைக்கு இந்நேரம் புரோக்கர் இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தான். அந்த நினைப்பு வலித்தது. வலிப்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தங்கச்சாமி புகையைப் பார்க்க வண்டியின் பின்னால் போய்க் குத்தவைத்தான். சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டினான். காற்று குழந்தை ஊதுவது போல வந்தது. குனிந்து குழாய்க்குள் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு வந்து என்ஜினை அணைக்கச் சொன்னான்.

"சின்ன மொதலாளி, என்னையச் செருப்பால அடிங்க."

ஜெயச்சந்திரன் இறங்கி வந்து பார்த்தான். குழாயின் உள்ளே, வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, செப்புக் கம்பிச் சல்லடை ஒன்று வட்டமாக வெட்டி, கச்சிதமாக, கம்பியால் முடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கரி அடைத்திருந்தது.

பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் சைலன்சரில் சல்லடை இருக்க வேண்டும். ஒரு பொறி வெளியே பறந்தால் கம்பெனியே பறந்துவிடும். ஷெட்டுக்கு வரும் வண்டிக்கு முதலில் சல்லடை, பிறகுதான் மற்ற வேலை. அந்த வாரம் பன்னிரண்டு லாரிக்கு வைத்த கை, பதின்மூன்றாவதாக நின்ற எம்.ஜி.க்கும் வைத்துவிட்டது. அதுவும் சல்லடைக் கண் பெருசாக இருந்தால் சின்ன வண்டிக்குப் பார்வையாக இருக்காதென்று இரட்டை மடிப்பாக.

தங்கச்சாமி இதைச் சொல்லி முடிக்கும்போது அண்ணனும் மதினியும் வந்து நின்றிருந்தார்கள்.

"ரெட்டை மடிப்பா?" என்றார் சுந்தரபாண்டி.

"ஆமா மொதலாளி. சாமான் நல்லதாப் பாத்துத்தான் வச்சேன்."

முதலில் சிரித்தது ஜெயச்சந்திரன். சத்தமில்லாமல் தோள் குலுங்கியது, பிறகு சத்தமும் வந்தது. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூச்சு வாங்கி நிமிர்ந்தவன் தங்கச்சாமியின் கரி மூஞ்சியைப் பார்த்து மறுபடி குனிந்தான். மதினி இட்லி எடுத்த கையோடு நின்றாள். அண்ணன் வேறு பக்கம் பார்த்துத் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார்.

துடைத்து முடித்ததும் ஜெயித்தது ஜெயித்ததுதான் என்றார். மதினி விடவில்லை.

"மூக்கை அடைச்சிட்டு ஓடுனவன்கூட ஓடி ஜெயிச்சுப்புட்டு, பேச்சைப் பாருங்க. இன்னொருக்க ஓடுங்க. இல்லேன்னா இட்லி கெடையாது."

தங்கச்சாமி குறடால் சல்லடையைப் பிடித்து இழுத்தான். இரண்டு விரல் சுட்டது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. சல்லடை கரியோடு வந்து விழுந்தது. வண்டியைக் கிளப்பினார்கள். குரலே மாறியிருந்தது. ஓரத்தில் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓடின.

இரண்டாம் முறை முந்தானை விழுந்ததும் புல்லட்தான் முன்னால் பாய்ந்தது. மூன்றாவது கியரில் ஜெயச்சந்திரன் அதன் பக்கத்தில் வந்தான். ஐம்பது, அறுபது, அறுபத்தெட்டு. காற்று கண்ணில் அடித்து நீர் வழிந்தது. சிமெண்டு இணைப்புகள் சக்கரத்துக்கடியில் தடதடவென்று ஓடின. நேர்ப்பாதையில் அவன் முந்தினான். டிரம் திருப்பத்தில் அண்ணன் உள்பக்கமாக வண்டியைச் சாய்த்து, முழங்கால் தரையை உரசுவது போலப் போய் முந்தினார். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. நேரில் இவன், திருப்பத்தில் அவர்.

கடைசிச் சுற்றில், கடைசித் திருப்பத்துக்கு அவன் சீக்கிரமே பிரேக் பிடித்தான். அகலமாகப் போய், டிரம்மை ஒட்டித் திருப்பி, பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கியதும் பயப்படாமல் காலை அழுத்தினான். வண்டி நிமிர்ந்து பறந்தது. எழுபத்தாறு வரை பார்த்தான். அதற்கு மேல் பார்க்கவில்லை. இந்த முனை டிரம்மைக் கடந்தபோது புல்லட் இருபது கஜம் பின்னால் இருந்தது. தங்கச்சாமி துள்ளிக்கொண்டிருந்தான்.

ஜெயச்சந்திரன் இறங்கி அண்ணனிடம் போனான். ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"விட்டுக் குடுத்தீகளாண்ணே?"

"விட்டுக் குடுக்கிற மூஞ்சியாலே இது?" சுந்தரபாண்டி கெண்டைக்காலைக் காட்டினார். என்ஜின் பட்டு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. "உசுரக் குடுத்து ஓட்டிருக்கேன். நாளைக்கு அந்தப் புரோக்கர் வந்தா நீ வெளிய வராத. நான் பேசிக்கிறேன்."

இட்லி சாப்பிட்டார்கள். ஜெயச்சந்திரன் ஏழு சாப்பிட்டுவிட்டு, துவையலில் காரம் போதவில்லை என்றான். மதினி அதற்குச் சண்டை போடவில்லை.

பிறகு பேச்சு வண்டியையும் அது தொட்ட எழுபத்தாறையும் விட்டு நகரவில்லை. பிப்ரவரியில் சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடக்கும், போகலாம் என்றான் ஜெயச்சந்திரன். தங்கச்சாமி செங்கல் சில்லு ஒன்றை எடுத்து சிமெண்டில் எழுதினான். பின்னால் தொங்கும் ஸ்டெப்னியைக் கழற்ற வேண்டும். பம்பர் இரண்டும் வேண்டாம். சிலிண்டர் ஹெட்டை ஒரு நூல் சீவினால் இழுவை கூடும். பிரேக் பட்டை புதிது. சைலன்சரை எடுத்துவிட்டு நேர்குழாய், அதை அவன் கையாலேயே செய்து தருவான்.

"அதுல எதையும் வச்சிராதலே," என்றார் சுந்தரபாண்டி. அவர் குனிந்து பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். தகரக் கதவுகளைக் கழற்றினால் இன்னும் எடை குறையுமே என்று கேட்டார். கம்பிச் சக்கரம் போட்டால் என்ன என்றார். திருப்பத்தில் எங்கே பிரேக் பிடித்தாய் என்று கேட்டு, செங்கல் சில்லை வாங்கித் தளத்தில் ஒரு டிரம்மும் கோடும் வரைந்து, தம்பியைக் காட்டச் சொன்னார். தம்பி காட்டினான். அண்ணன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் வெயிலில் குத்தவைத்து முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள்.

முத்துப்பேச்சி தூக்குவாளியைக் கழுவிப் புல்லட்டில் மாட்டிவிட்டு வந்தாள். எம்.ஜி.யின் கதவைத் திறந்து இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். தலையில் முந்தானையைப் போட்டுக் காதோரம் இறுக்கி முடிந்தாள்.

"கதவைக் கழத்துறதுக்கு முன்ன ஒரு சுத்து வாங்க தம்பி. அந்த எழுவத்தாறைப் பாக்கணும்."

ஜெயச்சந்திரன் செங்கல் சில்லைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான்.