நாற்பத்தைந்துக்குக் கீழே

…ஐம்பத்திரண்டு, இன்னும் ஏழு இறங்க வேண்டும், கூடப்பிறந்தவனுக்குச் சர்க்கரை இறங்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருக்கிற அக்கா வேறு எங்காவது இருப்பாளா, பானுமதி நினைத்துக்கொண்டே தாளில் மணி ஒன்று, ஐம்பத்திரண்டு என்று எழுதினாள், இருபது வருஷமாக இந்த ஆஸ்பத்திரி லேபில் எழுதிய எண்கள் எல்லாம் யார் யாருடையதோ, ஒருநாளும் ஒரு எண் கோணியதில்லை, இன்றைக்கு இரண்டைப் போட்டபோது வால் நீண்டுவிட்டது. தம்பி யோகராஜ் கட்டிலில் சாய்ந்து மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டவன், அதற்குப் பிறகு வெறும் தண்ணீர், பதினைந்து மணி நேரம் ஆகிவிட்டது, மூன்று நாள்கூடப் பட்டினி போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் ப்ரியங்கா சொல்லியிருந்தார், ஆனால் இவன் அவ்வளவு தாங்க மாட்டான் என்று பானுமதிக்குத் தெரியும், எப்படித் தெரியும், அதைத்தான் அவள் காலையிலிருந்து யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறாள்… நாற்பத்தைந்துக்குக் கீழே போனதும் ரத்தம் எடுக்க வேண்டும், எடுத்த பிறகுதான் குளுக்கோஸ், முன்னாடி ஒரு சொட்டுக் கொடுத்தாலும் எல்லாம் வீண் என்று டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார், தங்கச்சிக்குச் சொல்வதுபோல, அவர்தான் வயதில் சின்னவர் என்றாலும்.

பயறளவு இருக்குமாம் டாக்டர் சந்தேகப்படுகிற அந்தக் கட்டி, தம்பியின் கணையத்துக்குள் எங்கோ. நல்ல கணையம் என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தவுடன் இன்சுலினை நிறுத்திக்கொள்ளும், குடலும் ஈரலும் மூளையும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும், போதும், இன்னும் வேண்டும், நிறுத்து என்று, இந்தக் கட்டிக்கு மட்டும் எந்தச் சேதியும் காதில் விழாது, அது பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும், ஆள் தரையில் விழுந்தாலும் சுரக்கும். சர்க்கரை கீழே, இன்சுலின் மேலே, இரண்டும் ஒரே குழாய் ரத்தத்தில் இருந்தால்தான் நிரூபணம். போன மாதம் காலை ஆறரை மணி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போன டிரைவர் யோகராஜ் டெய்ரி ஃபார்ம் வளைவில் நடைபாதை மேல் ஏற்றிவிட்டான், நல்லவேளை சுவர்தான் இடிந்தது, கூடிய கூட்டம் இவனைச் சட்டையைப் பிடித்து இறக்கி தாரு குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறான் என்று இந்தியில் கத்தியது, போலீஸ்காரர் ஊதச் சொன்னார், மீட்டரில் பூஜ்யம், மறுபடி ஊதச் சொன்னார், மறுபடியும் பூஜ்யம், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், சர்க்கரை முப்பத்தி நாலு. அந்தத் தாள் அவள் மேசைக்குத்தான் வந்தது. பேரைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தவுடன் தம்பி ஞாபகம் வரவில்லை, அப்பா ஞாபகம்தான் வந்தது, ஏன்… அப்பாவை யாரும் ஊதச் சொல்லவில்லையே.

அப்பா, ஒச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கமிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து துறைமுகத்தில் ஒரு ஏஜென்டிடம் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் குடிப்பார், அந்தக் கொஞ்சம்தான் மற்ற ஆறு நாளுக்கும் சாட்சியாகிவிட்டது. காலையில் கண் எங்கோ பார்க்கும், சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், வாய் குழறும், ஒருநாள் விஞ்ச் கைப்பிடியைப் பிடித்தபடியே உறைந்துபோய் நின்றார், சிமெண்டு மூட்டைகள் வலையோடு கீழே விழுந்தன, அன்றோடு வேலை போயிற்று. ஷாதிபூர் மேட்டில் அவர்கள் வீட்டைக் கேட்டால் பியக்கட் வீடா என்றுதான் வழி சொல்வார்கள், அந்த வார்த்தைக்குக் குடிகாரன் என்று அர்த்தம் தெரிந்துகொண்ட வயது அவளுக்கு எட்டோ ஒன்பதோ. மத்தியானம் ஆனால் அவரைப்போல நல்லவர் கிடையாது, மீன் ஆய்ந்து கொடுப்பார், சிரிப்பார், காலையில் என்ன செய்தோம் என்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது, நடிக்கிறார் என்று அவள் நினைத்தாள்… பத்தொன்பது வயதில் எல்லாரும் நடிக்கிறார்கள் என்றுதானே தோன்றும்.

டாக்டர் நேற்று குடும்ப விவரம் கேட்டார், அபூர்வமாக இது பரம்பரையாக வரலாம், அப்படியானால் கழுத்துச் சுரப்பியும் சேர்ந்து கெடும், கால்சியம் ஏறும், வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் உண்டா என்றார். அப்பாவுக்கு என்றாள். அப்புறம், எனக்கும், என்றாள். டாக்டர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார், உங்களுக்கும் பார்த்துவிடலாம் அக்கா என்றார், அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார், குடி, என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இரண்டரை மணிக்கு நாற்பத்தொன்பது. மழை பிடித்துக்கொண்டது, சாயங்கால ஃப்ளைட் போகுமா, ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து ஐஸில் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், போகாவிட்டால் நாளைவரை ஃப்ரீசரில் தாங்கும்… யோகராஜ் மொபைலை மார்பின்மேல் கவிழ்த்து வைத்திருந்தான், நெற்றியில் வியர்வை, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், ம் என்றான், பிறகு அதுவும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தான், வயர்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், யாரோ வீட்டுக்குள் புகுந்ததைப்போலப் பார்த்தான்.

“யாரு நீ? எங்க வீட்ல ஒனக்கு என்ன வேல?”

அந்த வார்த்தை, அதே வார்த்தை, சுனாமிக்கு முந்தின வருஷம், ஒரு காலையில், அப்பா சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டது, இவன் அப்போது ட்யூஷனுக்குப் போயிருந்தான், பதினாலு வயது, இவன் கேட்டிருக்கவே முடியாது, யாரும் இவனிடம் சொன்னதும் இல்லை, ஒரு சர்க்கரை இறங்கினால் ஒரு வார்த்தைகூடவா பரம்பரையாக வரும்… அன்றைக்கு அவள் அப்பாவின் மார்பில் கைவைத்துத் தள்ளினாள், வாசலுக்கு வெளியே தள்ளி, தெளிஞ்ச பிறகு உள்ளே வா என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டாள், கொஞ்ச நேரம் தட்டினார், அப்புறம் தட்டுவது நின்றது, நின்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அதைத்தான் மறக்க முடியவில்லை, அந்த நிம்மதியை. பத்து மணிக்குப் படிக்கட்டில் கிடந்தார். அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், குடிகாரன்தானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள், கட்டி இருந்ததா இல்லையா, இனி எந்த லேபிலும் பார்க்க முடியாது.

கருவி நாற்பத்தி மூன்று காட்டியது. “இப்ப எடுங்க,” என்றார் டாக்டர். யோகராஜ் கையை உதறினான், நர்ஸ் சபீதா தீதி தோளைப் பிடித்துக்கொண்டாள், பாயி, பாயி என்று இந்தியில் தணிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், பானுமதி ஊசிக்குழாயை இழுத்தாள், முதல் குழாய், இரண்டாவது, ரத்தம் மெதுவாகத்தான் வந்தது, குளுக்கோஸ் நிறைத்த ஊசி ஒரு முழ தூரத்தில் தட்டில் இருந்தது, இதோ இருக்கிறது, கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன், மூன்றாவது, தெரிந்தே வைத்துக்கொண்டிருக்கிறேன், அன்றைக்குத் தெரியாது, நிஜமாகவே தெரியாது, நாலாவது குழாய் நிறைந்தது. “குடுங்க,” என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் மருந்து ஏறிவிட்டிருந்தது. ஒரு நிமிஷம். ஒன்றரை. அவன் கண்ணில் ஆள் திரும்பி வந்ததை அவள் பார்த்தாள், விளக்கு ஏற்றியதுபோல என்றெல்லாம் இல்லை, தூங்கி எழுந்த சாதாரண மனுஷன்.

“அக்கா, ஏன் அழுவுற?” என்றான்.

இவ்வளவுதானா, ஒன்றரை நிமிஷம்தானா.

நாலரை மணிக்கு ஐஸ் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டு வராந்தாவில் நின்றபோது அம்மாவின் போன் வந்தது. அம்மா தங்கத்துக்கு எழுபது வயது, ஷாதிபூர் வீட்டை விட்டு வர மாட்டாள், தம்பியைப் பிரஷருக்குப் பார்க்கப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள், பட்டினி போட்டதையோ சர்க்கரையையோ யாரும் சொல்லவில்லை, பஸ் இடித்ததற்குக்கூடப் பிரேக் சரியில்லை என்றுதான் சொன்னார்கள். சாப்பிட்டானா என்றாள் அம்மா. சாப்பிட்டான்மா, இட்லி, என்றாள் பானுமதி. காலையிலயிருந்து பட்டினியாப் போட்டீகளோ என்றாள். பானுமதி பதில் சொல்வதற்குள் அம்மா தானே பேசினாள், அரிசி விலையைச் சொல்கிற குரலில்.

“கிறுக்குப் பிடிச்சாப்ல பேசியிருப்பானே. ஒரு கை சீனிய அள்ளி வாயில போட்டா தெளிஞ்சிரும். ஒங்கப்பாவுக்கு நான் அப்படித்தான் செய்வேன்.”

மழை தகரத்தின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை காலை அப்படிச் செய்தாய், எப்போது கண்டுபிடித்தாய், யாரிடமும் ஏன் சொல்லவில்லை, அன்றைக்கு நீ அடுப்படியில்தானே நின்றாய், அவர் தட்டியது உனக்கும் கேட்டதுதானே, வந்து திறக்க நாலு எட்டுதானே… அன்றைக்கு மட்டும் ஏன்… அலுத்துவிட்டதா, அத்தனை காலைகளில் ஒரு காலையாவது அவரைத் தெளிவிக்க வேண்டாம் என்று இருந்ததா. “என்னடி, பேச்சக் காணோம்?” என்றாள் அம்மா. மழைம்மா, சரியாகக் கேட்கவில்லை என்றாள் பானுமதி. சரி என்றாள் அம்மா, ஆனால் வைக்கவில்லை, அவள் மூச்சு விடுவது கேட்டது, பானுமதியும் வைக்கவில்லை, அந்தக் காலையைப் பற்றி யார் முதலில் கேட்பது என்று இருவருமே இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் காத்திருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.