ஒன்பது ஷிப்ட் அவகாசம்

ஆண்டர்சன்பேட்டை வாழ் பெருமக்களுக்கு மிக முக்கியமான அறிவிப்பு: எய்ட்ஸ் ஒழிப்பு மக்கள் மன்றத்தின் பதினோராவது ஆண்டுப் பேரணி, தலைவர் ஜெயகரன் அவர்களின் வீர முழக்கத்தோடு ஞாயிற்றுக்கிழமை இனிதே நடந்தேறியது. எய்ட்ஸ் அன்றோடு தங்கவயலை விட்டு ஓடிவிட்டதாக மேடையில் தெரிவிக்கப்பட்டது. விழுந்த மாலைகள் பதினான்கு. அதில் பன்னிரண்டு தலைவருக்கு.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் சோனியாவின் விரலில் ஊசி குத்தியது.

சோனியா ஒரு தனியார் நர்சிங் ஹோமில் காண்ட்ராக்ட் துப்புரவு வேலை பார்ப்பவள். குப்பைப் பையின் வாயைக் கட்டும்போது, யாரோ மூடி போடாமல் எறிந்திருந்த ஊசி கையுறையைத் துளைத்து ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்ன நர்ஸ் லவினா குரலைத் தாழ்த்தினாள்.

“யாருக்குப் போட்ட ஊசின்னு தெரியலயேக்கா. எச்.ஐ.வி. வராம தடுக்க மாத்திரை கீது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும். நம்ம ஸ்டோர்ல இல்ல. எங்க குடுக்கறாங்கன்னு கேளுங்க, நானும் கேக்கறேன்.”

சோனியா கேட்டாள். காண்ட்ராக்டர் முனிரத்தினம் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. “இ.எஸ்.ஐ. கார்டெல்லாம் பர்மனென்ட் ஆளுங்களுக்கும்மா. உனக்கு இன்சூரன்ஸே இல்ல, மாத்திரை மட்டும் எங்கேர்ந்து வரும்?” மருந்துக்கடைக்காரர், “எச்.ஐ.வி. மாத்திரையா? யாருக்கு?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சோனியா ஒரு பட்டை காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கார்டு இருந்தால்தான் மாத்திரையா, மாத்திரை கேட்டாலே நோயா என்று அவளுக்குக் குழம்பியது. கணவரிடம் சொன்னால் ஊசியை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்பார்.

மாலையில் மன்றத்து ஆபீசுக்குப் போனாள். ஊரில் எய்ட்ஸ் என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்லும் ஒரே மனிதர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

ஜெயகரன் முழுதும் கேட்டார். மாத்திரை எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வருகை நேரம் குறிக்கும் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். மணிக்கணக்கு அவருக்கு அத்துபடி.

“எழுபத்திரண்டு மணி. எட்டால வகுத்தா ஒன்பது. இன்னாத்துக்கும்மா பதட்டம்? ஒன்பது ஷிப்ட் கீது. நான் மேலிடத்துக்கு மனு எழுதிடறேன்.”

“ஒன்பது ஷிப்டா சார்?”

“முழுசா ஒன்பது. தைரியமா போ.”

சோனியாவுக்கு உயிர் வந்தது. அவள் பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு ஷிப்ட். சுரங்கத்தில் ஒரு நாளைக்கு மூன்று. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தலைவரின் கடிகாரம் மட்டும் இன்னும் பாதாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

லவினாவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. புதன்கிழமை மதியம், சோனியா வேலை முடிந்து கிளம்பும்போது லவினா ஓடி வந்தாள். “அக்கா, சர்க்கார் ஆஸ்பத்திரி எச்.ஐ.வி. ஆலோசனை ரூம்ல கேக்கணுமாம். போனீங்களா?”

“போகலாம் லவினா. இன்னும் ஆறு ஷிப்ட் கீதே. அடுத்த வாரம் வரைக்கும் டைம்.”

லவினா விரல் விட்டு எண்ணினாள். “யாருக்கா சொன்னது? நாளைக்குக் காலைல ஒன்பதரையோட முடிஞ்சிடும்.”

சோனியா நேராக மன்றத்துக்குப் போனாள். “சார், கெளம்புங்க. கணக்குப் போட்டது நீங்கதான, நீங்களே வந்து சொல்லுங்க.”

“அந்த ரூமுக்கா? யாராச்சும் பார்த்தா இன்னா நெனப்பாங்க?”

“என்னை நெனைக்கறதைத்தான் நெனப்பாங்க. வாங்க.”

பதினோரு வருஷம் எய்ட்ஸை எதிர்த்து முழங்கிய தலைவர், கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஆலோசனை அறைக்குள் நுழைந்தார். ஆலோசகர் ஷோபா, நோயாளி அவர்தான் என்று நினைத்து மிகுந்த பரிவோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நான் இல்லம்மா, நான் தலைவர்” என்றார் ஜெயகரன், கர்ச்சீப்புக்குள்ளிருந்து.

சோனியா விரலைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். “எனக்குக் கார்டு எதுவும் இல்ல மேடம். வெல எவ்ளோன்னு சொன்னா...”

“கார்டு பேடம்மா, வேணாம். காசும் வேணாம். இது சர்க்கார் குடுக்கறது.” ஷோபா கையோடு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்தார்கள். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார்கள். இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் தவறக்கூடாது, பிறகு மறுபடி பரிசோதனை.

“குத்தின அன்னைக்கே வந்திருந்தா இன்னும் நல்லது” என்றார் ஷோபா. “ஒவ்வொரு மணிக்கும் இதோட பலன் கொறையும். ஏன் இவ்ளோ லேட்டு?”

ஜெயகரன் கர்ச்சீப்பை இறக்கினார். மேடையில் கேட்காத குரலில் பேசினார். “என்னால மேடம். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு ஒரு கணக்கைச் சொல்லிட்டேன்.”

“அவங்க கேக்க வெக்கப்பட்டாங்க, நீங்க தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டீங்க. ரெண்டு வெக்கத்துக்கு நடுவுல ஒரு உயிர் மாட்டிக்கிச்சு” என்றார் ஷோபா. “ஊசி குத்தினாலோ, வேற எப்படியாச்சும் பயம் வந்தாலோ உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வரணும். இன்சூரன்ஸ் இருக்கா இல்லியான்னு யோசிச்சு நிக்கக் கூடாது. பேரணில அதைச் சொல்லுங்க சார், போதும்.”

ஜெயகரன் தலையாட்டினார். சோனியா மாத்திரை டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில் வரிசை எதுவும் இல்லை.

மன்றத்து ஆபீசிலிருந்து அந்த அறைக்கு நடந்தால் ஏழு நிமிஷம்.