மேல லயத்துக் கடைசி வீடு

வீட்டைப் படம் போட ஆள் வந்தால், பின்னாலேயே இடிக்க ஆள் வரும். மேகமலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற பஞ்சம்மாளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருடம் ஒருத்தர் கீழ லயத்து வரிசை வீடுகளுக்கு எதிரே நின்று காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டு போனார். ஆடி பிறப்பதற்குள் கீழ லயம் தரைமட்டம். மேல லயத்தில் கடைசி வீடு அவளுடையது. புருஷன் அம்மாவாசியும் போய்ச் சேர்ந்துவிட்டான். இதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

அதனால்தான் 2008 தையில் ஒரு பெண் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து பென்சில் சீவியதும் பஞ்சம்மாள் விடுவிடுவென்று வாசலுக்கு வந்தாள்.

"யாரு தாயி நீ? இங்கன என்னத்தைப் போடுற?"

"பேரு கயல்க்கா. ஊரு அல்லிநகரம், பெங்களூர்ல வேலை. கம்ப்யூட்டர் கேமுக்குப் படம் போடுறேன். விளையாடுறவுக ஏணி, பாலம்னு வரைஞ்சு வரைஞ்சுதான் வழி கண்டு போகணும். அதுல வர்ற ஊருக்கு உங்க வீடு நல்லாருக்கும். பின்னாடி படத்தையெல்லாம் புத்தகமாப் போடுவாக."

கேட்கிறவள் கேனைச்சியாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுமாம். விளையாட்டுக்காகச் சின்னமனூரிலிருந்து இந்த ரோட்டில் இடுப்பொடியக் குலுங்கிக்கொண்டு எவள் வருவாள்? உள்ளே என்ன இருக்கிறது என்று நோட்டம் பார்க்க வந்திருக்கிறாள். பஞ்சம்மாள் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வாசலை அடைத்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா, கதவு தெரியல."

"தெரிய வேணாம்."

குடிக்கத் தண்ணீர் கேட்டாள் கயல். ஓடையில் ஓடுகிறது என்று சொல்லிவிட்டாள் பஞ்சம்மாள். பேர் கேட்டதற்கு மட்டும் சட்டென்று பதில் வந்தது: "முனீஸ்வரி." அது வைகை அணையில் இருக்கிற நாத்தனார் பேர். அம்மாவாசி செத்த வீட்டில் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவள். வருகிற வினை அவளைத் தேடிப் போகட்டும்.

மறுவருடம் தபால்காரர், 'மேல லயத்துக் கடைசி வீடு' என்று விலாசம் போட்டுக் கயல் அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு விஜி, பிளஸ் டூ படித்தவள், பிரித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கப் பஞ்சம்மாள் வீடு. கதவு இருக்க வேண்டிய இடத்தில் மிளகாயைக் கடித்த முகத்தோடு அவளே நின்றாள்.

"'முனீஸ்வரி வீடு'ன்னு போட்டிருக்கு அத்தை. விளையாடுறவுக என்னத்த வரைஞ்சாலும் இந்தம்மா வழிவிட மாட்டாகளாம். இந்த வீட்டுக்குள்ள மட்டும் யாரும் போக முடியாதாம்."

பஞ்சம்மாள் சிரிக்கவில்லை. இவ்வளவு கனத்த புத்தகத்தை எவளாவது சும்மா கொடுப்பாளா? இதற்குப் பின்னால் ஏதோ வரப்போகிறது என்றே நினைத்தாள்.

வந்தது. எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து, கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"பஞ்சம்மாள் வீடு இதுதானே? லயத்த இடிக்கப் போறோம், காலி பண்ணச் சொல்லி ஆர்டர்."

பஞ்சம்மாள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தாள். "என்ன போட்டிருக்குன்னு வாசிங்க சார்."

"முனீஸ்வரி வீடு..." அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது நீங்கதானா?"

"பின்ன? அச்சுலயே வந்திருக்குல்ல. பஞ்சம்மாவைத் தேடுறீகன்னா வைகை அணைப் பக்கம் போய் விசாரிங்க."

விஜி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆபீசர் தலையைச் சொறிந்தார். "ஆபீசுல கேட்டுட்டு வாரேன்."

விவரம் தெரிந்து திரும்பி வருவார், அது பஞ்சம்மாளுக்குத் தெரியாதா என்ன? வரட்டும். ஜீப் வளைவு திரும்புகிற வரைக்கும் நிலையில் கையை ஊன்றியே நின்றாள்.

படம் போட்ட அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் விட்டோமே என்று அப்போதுதான் மனசு சுட்டது. இன்னொரு தரம் வந்தால் காப்பியே போட்டுக் கொடுக்கலாம். பாறையில் உட்காரவைத்துத்தான். உள்ளே எல்லாம் விடக் கூடாது.