கொசுறு மாலை

பத்து மாலை விலைக்குப் பதினோரு மாலை வாங்கியவன் நான். பேரம் பேசாமல் பூ வாங்குவது எங்கள் குலத்தில் பாவம். 1944 ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், திருத்தணி மலையடிவாரத்தில் பூக்காரியிடம் அரை மணி நேரம் வாயாடிப் பிடுங்கிய அந்தக் கொசுறு மாலைதான் ஓர் ஆளைச் சாகடித்தது. ஊர் அப்படித்தான் சொன்னது.

மாலைகள் செத்த காலேஜுக்கு. பட்டணத்து மியூசியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. மிஷன் பள்ளியில் சித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஞானப்பிரகாசம், ஸ்டேஷன் பக்கத்துப் பழைய சத்திரத்தில் ஒரு காட்சி சாலை திறந்ததும், அதே பெயர் ரயிலேறி இங்கேயும் வந்துவிட்டது. துருப்பிடித்த கத்தி, ஓலைச்சுவடி, இறகு உதிர்ந்த காவடி, பள்ளிப் பிள்ளைகள் வரைந்த மலைப் படம் என்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். மிளகாய் மண்டிக்காரனான நான் ஒரு கண்ணாடி அலமாரியைக் கொடுத்து கமிட்டி மெம்பர் ஆனேன்.

சுவரில் பதினோரு போட்டோக்கள். பத்துப் பேர் காலமான பெரிய மனிதர்கள். பதினோராவது ஆதிகேசவன், நந்தியாற்றங்கரை விவசாயி, பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவன். அவன் மனைவி பாஞ்சாலி பெருமையோடு கொண்டுவந்து கொடுத்த படம். ஏழு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை.

காலமான பத்துப் பேருக்கும் வாத்தியார் மாலை போட்டார். ஒன்று மிஞ்சியது. ஒரு படம் மட்டும் மொட்டையாகத் தொங்குவானேன் என்று அதையும் மாட்டிவிட்டார். அவர் கிறிஸ்தவர்; அவர் வீட்டில் உயிரோடு இருக்கிற பிஷப் படத்துக்கும் கிறிஸ்துமஸுக்கு மாலை உண்டு. நம்மவர்களுக்கோ படத்தில் மாலை விழுந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். நான் இருந்திருந்தால் தடுத்திருப்பேன். மிச்சம் பிடித்த காசுக்குக் காபி குடிக்கப் போயிருந்தேன்.

மறுநாள் காவடியோடு வந்த கூட்டத்தில் ஆதிகேசவனின் அண்ணன் பச்சையப்பனும் இருந்தார். படத்தைப் பார்த்தார். மாரில் அடித்துக்கொண்டார். அடித்த வேகத்துக்குக் கண்ணில் தண்ணீர் போதவில்லை என்பதை நான் கவனித்தேன். சரக்கைப் பார்ப்பவனுக்குக் கண் பழகியிருக்கும். தம்பிக்குப் பிள்ளையில்லை. ஏரிக்கரை நிலத்தில் பாதி தம்பி பங்கு.

வாத்தியார் பதறிப்போய் ஸ்டூல் மேல் ஏறினார். தப்பு தன்னுடையது, சர்க்காரிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். பச்சையப்பன் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

"போட்ட மாலைய எடுக்கக்கூடாது வாத்தியாரே. எடுத்தவன் வூட்ல எழவு வுழும்."

அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் எவன் எடுப்பான்? நானும் எடுக்கவில்லை. பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் காரியம், அன்றைக்கே பாஞ்சாலிக்குத் தாலி வாங்குவது என்று வீட்டில் முடிவாயிற்று.

ஏழாம் நாள் அவள் காட்சி சாலைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு படம், கையில் ஒரு மாலை. படம் பச்சையப்பனுடையது; மாட்டுச் சந்தையில் பரிசு வாங்கிய காளையோடு எடுத்தது. மாலைக்குப் பேரம் பேசினாயா என்று நான் விசாரித்தேன். பேசவில்லையாம். பூக்காரி கேட்ட விலைக்கே வாங்கியிருந்தாள்.

படத்தில் இருப்பவர் நன்றாக இருக்கிறாரே என்றார் வாத்தியார். தன் வீட்டுக்காரரும் நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லி, அவளே ஸ்டூல் மேல் ஏறி ஆணியில் மாட்டி மாலையையும் போட்டாள்.

சேதி கேட்டுப் பொழுது சாய்வதற்குள் பச்சையப்பன் வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"மாலைங்க பாவா."

"எட்றி அத்த."

"எடுத்தவங்க வூட்ல எழவு வுழும்னு நீங்கதானே சொன்னீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காளைக்கும் சேர்த்துத்தான் காரியமா என்று எவனோ கேட்டான். பச்சையப்பனும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடுத்த சந்தை வரைக்கும் வந்தது. சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவது வழக்கம். தரகன் இவர் துண்டைப் பார்த்தான், சுவரில் பார்த்த மாலையை நினைத்தான், கையை மடியில் வைத்துக்கொண்டான். நாவிதன் நாளைக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. காலையில் பொட்டு வைக்குமுன் அவர் மனைவி எல்லம்மாள் அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டாள். சுவரில் இரண்டு மாலைகளும் கறுத்துச் சுருங்கின. ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் பச்சையப்பனுக்குக் குளிர் ஜுரம்.

பதினைந்தாம் நாள் தலையில் துண்டோடு வந்தார். பாஞ்சாலி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தினமும் அங்கேதான் இருந்தாள். ஸ்டூலில் ஏறித் தன் படத்துக்குக் கை நீட்டினார்.

"மொதல்ல தம்பிது, பாவா."

எடுத்தார். முதலில் தம்பியுடையது, பிறகு தன்னுடையது. சருகு அவர் தலையில் உதிர்ந்தது. காரியம் நின்றது, அவள் தாலி தப்பியது. நல்ல பேரம் என்று நான்கூட மெச்சிக்கொண்டேன். எடுத்தவன் வீடும் அவள் வீடும் ஒரே வீடு என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த சித்திரையில் பழுப்பு உறை ஒன்று வந்தது. மேலே கிரீட முத்திரை. ஊரில் இங்கிலீஷ் கடுதாசி என்றால் என் மண்டிக்கு வருவார்கள், நான் படித்துச் சொல்லுவேன். வாத்தியாரோடு நான் காட்சி சாலையில் இருந்தபோது பாஞ்சாலி அதை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். உறை ஒட்டியபடியே இருந்தது.

படிக்கட்டுமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வாத்தியாரய்யா, இங்க வச்சதெல்லாம் வச்சது வச்சமேனிக்கே இருக்கும் இல்லீங்களா?"

"ஆங். இருக்கும்மா."

"அப்போ இதையும் வச்சிடுங்க. யாரும் பிரிக்க வேணாம்."

அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. உறையை வாங்கிக் கத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். பிரிக்காத மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லும் பரம்பரை எங்களுடையது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் எத்தனையோ முறை முகத்தை மறைத்திருக்கிறேன். அன்றைக்கு மறைத்த மாதிரி என்றைக்கும் இல்லை. பூட்டிச் சாவியை அவளிடமே கொடுத்தேன்.